மூளைக்குள் ஒரு லைட்: தூக்கத்தின் சுவிட்சைத் தேடும் விஞ்ஞானம், பழவேற்காட்டு இரவுகளுக்குச் சொல்வது என்ன?

பழவேற்காட்டில் நள்ளிரவு தாண்டிய நேரம். கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதாகுப்பம் எல்லாம் அடங்கிக் கிடக்கும். ஆனால், அன்றைக்கு யாருக்குப் 'பாடு' முறை வந்திருக்கிறதோ அந்த வீடுகளில் மட்டும் லைட் எரியும். வலை, டார்ச், ஒரு பாட்டில் தண்ணீர். ஏரியில் நீரோட்டம் திரும்புவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

பாடு என்பது பழவேற்காட்டு ஏரியில் தலைமுறைகளாக இருக்கும் ஏற்பாடு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் இறாலுக்கு வலை கட்டலாம் என்பதை ஊர்க்காரர்களே முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். நல்ல இடம் எல்லோருக்கும் மாறி மாறிக் கிடைக்கும் என்பது இதன் நியாயம். ஆனால் இதில் ஒரு கண்டிப்பும் இருக்கிறது. முறை வந்தால் போயே ஆகணும். 'நேத்து ராத்திரி சரியா தூங்கல, நாளைக்குப் போறேன்' என்றால் நாளைக்கு அந்த இடம் வேறொருவருடையது.

விடிந்து கரைக்கு வந்து, வலையைப் பிரித்து, இறாலை ஏலத்துக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுக்கும்போது ஊர் முழுக்க விழித்திருக்கும். குழந்தைகள் ஸ்கூலுக்குக் கிளம்பும் சத்தம், தெருவில் வண்டிச் சத்தம், போன் கால். ஒரு மணி நேரம் தூக்கம், எழுந்து சாப்பாடு, மறுபடி அரை மணி நேரம். பகலில் தூங்குபவரைப் பார்த்து 'இந்நேரத்துல என்ன தூக்கம்?' என்று கேட்கிற வழக்கம் நம் ஊரில் எல்லா இடத்திலும் உண்டு. ஓ.எம்.ஆரில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கும் இந்தக் கேள்வி பழகியிருக்கும்.

தூக்கம் மன உறுதி சம்பந்தப்பட்ட விஷயமா? 'கட்டுப்படுத்திக்கிட்டா' விழித்திருந்துவிட முடியுமா? கடந்த இருபது வருடங்களில் விஞ்ஞானிகள் இதற்கு நேரடியாகப் பதில் தேட ஒரு புது வழியைக் கண்டுபிடித்தார்கள். உயிருள்ள விலங்கின் மூளைக்குள் ஒளியைப் பாய்ச்சி, குறிப்பிட்ட சில நியூரான்களை மட்டும் ஆன், ஆஃப் செய்து பார்ப்பது. இதன் பெயர் ஆப்டோஜெனிடிக்ஸ். தமிழில் ஒளிமரபியல் என்கிறார்கள்.

கடலுக்கு ஒரு டைம்டேபிள், உடம்புக்கு வேறு

முதலில் பழவேற்காட்டின் சிக்கலைப் பார்ப்போம். கடலின் ஏற்ற இறக்கம் முகத்துவாரம் வழியாகத்தான் ஏரிக்குள் வருகிறது. அந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று இரவு 10 மணிக்கு வந்த ஏற்றம், ஒரு வாரம் கழித்துக் கிட்டத்தட்ட விடியற்காலை 4 மணிக்கு வரும். பல இறால் இனங்கள் இருட்டிய பிறகுதான் மண்ணை விட்டு வெளியே வந்து நடமாடும். ஆக, இறால் பிடிப்பவரின் வேலை நேரத்தை நிலவும் இருட்டும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

ஆனால் மனித உடம்பு நிலவுக் கணக்கில் ஓடுவதில்லை. மூளையின் அடிப்பகுதியில், இரண்டு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நியூரான்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்து இருக்கிறது. பெயர் எஸ்.சி.என். இதுதான் உடலின் தலைமைக் கடிகாரம். கண் வழியாக வரும் பகல் வெளிச்சத்தை வைத்து இது தன்னைத் தினமும் சரிசெய்துகொள்கிறது. ஒரு நைட் ஷிஃப்ட்டுக்காகவோ, ஒரு பாடு முறைக்காகவோ இது உடனே மாறிவிடாது.

தூக்கத்தை இழுக்கும் இரண்டாவது சக்தி, தூக்க அழுத்தம். எவ்வளவு நேரம் விழித்திருக்கிறோமோ அவ்வளவு ஏறும், தூங்கினால் இறங்கும். கடன் மாதிரி. கடிகாரமும் கடனும் ஒரே பக்கம் இழுத்தால் நல்ல தூக்கம் வரும். பகல் 11 மணிக்குப் படுக்கும் மீனவருக்குக் கடன் 'தூங்கு' என்கிறது, கடிகாரம் 'எழுந்திரு' என்கிறது.

சென்னைக் கடற்கரையில் தொடங்கிய ஒரு கதை

இந்த உடல் கடிகார ஆராய்ச்சியில் தமிழ்நாட்டுக்கு முக்கியமான இடம் உண்டு. இந்தியாவில் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் விஞ்ஞானி எம்.கே.சந்திரசேகரன். சென்னைக் கடற்கரை மணலில், அலை திரும்பும்போது சட்டென்று புதைந்துகொள்ளுமே, எமெரிட்டா ஆசியாட்டிகா என்ற சின்ன நண்டினம், அதைத்தான் அவர் முதலில் எடுத்துக்கொண்டார். 1965-ல் வெளியான அவரது ஆய்வு ஒரு ஆச்சரியத்தைச் சொன்னது. கடலிலிருந்து எடுத்து வந்து ஆய்வகத்தில் வைத்த பிறகும், அந்த நண்டுகளின் நடமாட்டத்திலும் ஆக்சிஜன் பயன்பாட்டிலும் கடலின் ஏற்ற இறக்கத் தாளமும், பகல்-இரவுத் தாளமும் தொடர்ந்தன. அலை இல்லாத இடத்திலும் நண்டுக்கு அலையின் நேரம் தெரிந்திருந்தது.

பிறகு ஜெர்மனியில் ஆய்வு செய்துவிட்டு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கு வந்தார் சந்திரசேகரன். மதுரையைச் சுற்றியுள்ள குகைகளில் வாழும் வௌவால்களை அவரும் சக ஆய்வாளர்களும் ஆராய்ந்தார்கள். வெளிச்சமே எட்டாத குகைக்குள் கூண்டில் வைத்த வௌவால், சுதந்திரமாகப் பறக்கும் மற்ற வௌவால்கள் கூட இருந்தால் சரியான நேரத்துக்கு இயங்கியது. தனியாக விட்டால் அதன் நேரம் மெல்ல நழுவியது. மனிதர்கள் கடிகாரமோ சூரிய ஒளியோ இல்லாமல் தனியாகத் தங்கும் ஆய்வுக்கூடம் ஒன்றும் மதுரைப் பல்கலைக்கழகத்தில் இருந்தது.

இந்தத் துறையின் முக்கியக் கருவியே ஒளிதான். இருட்டில் வைத்த விலங்குக்கு ஒரு குறிப்பிட்ட நேரத்தில் சில நிமிடம் வெளிச்சம் காட்டுவார்கள். அதன் கடிகாரம் முன்னால் நகர்கிறதா, பின்னால் நகர்கிறதா என்று அளப்பார்கள். ஆனால் அந்த ஒளி வெளியிலிருந்துதான் வந்தது. மூளைக்குள்ளே எந்த நியூரான் என்ன செய்கிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

பழைய கருவிகளில் என்ன பிரச்சனை?

மூளைக்குள் மின்கம்பி வைத்து மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் மூளையில் எல்லா வகை நியூரான்களும் கலந்து கிடக்கும். மின்சாரம் பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றையும் தூண்டிவிடும். மருந்து கொடுத்தால், வேலை செய்யவும் நிற்கவும் நேரம் பிடிக்கும். ஒரு நியூரான் சுறுசுறுப்பானபோது எலி விழித்தது என்றால், அந்த நியூரான்தான் எழுப்பியதா, இல்லை எலி விழித்ததால் அது சுறுசுறுப்பானதா? சேவல் கூவியதால்தான் பொழுது விடிந்ததா என்கிற மாதிரியான கேள்வி இது.

டி.என்.ஏ. வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக், ஒரு வகை நியூரானை மட்டும் கட்டுப்படுத்தி மற்றவற்றைத் தொடாமல் விடும் வழி தேவை என்று 1979-லேயே எழுதினார். அதற்கு ஒளி பொருத்தமாக இருக்கும் என்று பிறகு சொன்னார். ஆனால் நியூரான்களுக்குக் கண் கிடையாதே?

விடை பாசியில் இருந்தது

குளத்து நீரிலும் ஈர மண்ணிலும் வாழும் ஒரு செல் பச்சைப் பாசி, கிளாமிடோமோனாஸ். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரிந்து நீந்தும். அதற்கு உதவுவது சேனல்ரோடாப்சின் என்ற புரதம். செல்லின் சவ்வில் ஒரு கதவு மாதிரி இருக்கும். நீல ஒளி பட்டால் கதவு திறந்து, நேர்மின் அயனிகள் உள்ளே பாயும். ஜெர்மன் விஞ்ஞானிகள் 2002, 2003-ல் இதை விளக்கினார்கள்.

ஒரு நியூரான் தூண்டப்படுவதும் நேர்மின் அயனிகள் உள்ளே பாய்வதால்தான். அப்படியென்றால் பாசியின் கதவை நியூரானில் பொருத்தினால்? 2005-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கார்ல் டைசரோத், எட் பாய்டன் உள்ளிட்டோர், ஜெர்மன் விஞ்ஞானிகளுடன் சேர்ந்து அதைச் செய்து காட்டினார்கள். நீல ஒளியைப் பாய்ச்சியதும் நியூரான் மில்லி வினாடிக் கணக்கில் இயங்கியது.

இது எப்படி வேலை செய்கிறது? சுருக்கமாக:

1. பாசியின் அந்த மரபணுவை, நோய் உண்டாக்காதபடி மாற்றிய ஒரு வைரஸில் ஏற்றுவார்கள்.
2. குறிப்பிட்ட வகை நியூரானில் மட்டும் மரபணு வேலை செய்யும்படி அதனுடன் ஒரு 'முகவரி'யையும் சேர்ப்பார்கள்.
3. வைரஸை மூளையின் தேவையான பகுதியில் செலுத்துவார்கள். சில வாரங்களில் அந்த நியூரான்களில் ஒளிக்கதவுகள் உருவாகிவிடும்.
4. முடியளவு மெல்லிய கண்ணாடி இழை வழியாக ஒளியை அனுப்புவார்கள். லைட் போட்டால் நியூரான் ஆன்.

ஆஃப் செய்யவும் வழி உண்டு. உப்பளத்தில் தண்ணீர் சில சமயம் இளஞ்சிவப்பாக மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உப்பை விரும்பும் நுண்ணுயிரிகள் அதற்கு ஒரு காரணம். அந்த மாதிரி நுண்ணுயிரிகளில் ஒன்றிலிருந்து எடுத்த ஹேலோரோடாப்சின் என்ற புரதம், மஞ்சள் ஒளி பட்டால் நியூரானை அமைதியாக்கிவிடும்.

தூங்கும் எலியை எழுப்பிய லைட்

2007-ல் ஸ்டான்ஃபோர்டில் அன்டோயின் அடமன்டிடிஸ், லூயிஸ் டி லெசியா, டைசரோத் குழு இந்தக் கருவியை முதன்முறையாகத் தூக்கத்தின் மீது திருப்பியது. அவர்கள் எடுத்துக்கொண்டது ஹைப்போகிரெட்டின் நியூரான்கள். ஒரெக்சின் என்றும் பெயர் உண்டு. சுண்டெலி மூளையில் இவை சில ஆயிரம்தான் இருக்கும். இந்த நியூரான்கள் அழிந்துபோனவர்களுக்கு நார்கோலெப்சி வருகிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரெனத் தூக்கம் தள்ளும் நோய் இது.

தூங்கிக்கொண்டிருந்த சுண்டெலிகளின் மூளையில், அந்த நியூரான்களுக்கு மட்டும் வினாடிக்கு 5 முதல் 30 முறை நீல ஒளித் துடிப்பு கொடுத்தார்கள். எலிகள் உடனே துள்ளி எழவில்லை. ஆனால் ஆழ்ந்த தூக்கத்திலும் சரி, கனவு வரும் ரெம் தூக்கத்திலும் சரி, ஒளி கொடுத்த எலிகள் சீக்கிரம் விழித்தன. ஒளிக்கதவு இல்லாத எலிகளுக்கு அதே ஒளி எந்த மாற்றத்தையும் ஏற்படுத்தவில்லை. இந்த நியூரான்கள் விழிப்புக்குக் காரணமாகின்றன என்று இதன் மூலம் நேரடியாகச் சொல்ல முடிந்தது.

2010-ல் இன்னொரு இடம் சோதிக்கப்பட்டது. மூளைத்தண்டில் இருக்கும் லோகஸ் செருலியஸ். லத்தீனில் 'நீலப் புள்ளி' என்று அர்த்தம். இதைத் தூண்டியதும் எலிகள் சில வினாடிகளிலேயே விழித்தன. 2015-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் யாங் டான் குழு, மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் சில நியூரான்களைத் தூண்டி, எலிகளை ரெம் தூக்கத்துக்குள் கொண்டுபோனது. ஆக, மூளையில் தூக்கத்துக்கு ஒற்றை சுவிட்ச் என்று எதுவும் கிடையாது. ஒன்றையொன்று இழுக்கும் பல சுவிட்சுகள் இருக்கின்றன.

கடன் ஏறினால் சுவிட்ச் வேலை செய்யாது

இரவு வேலை பார்க்கும் எவருக்கும் முக்கியமான முடிவு 2009-ல் வந்தது. அதே ஸ்டான்ஃபோர்டு குழு, எலிகளைச் சில மணி நேரம் தூங்கவிடாமல் வைத்திருந்து, பிறகு தூங்கவிட்டு, அதே ஹைப்போகிரெட்டின் நியூரான்களை ஒளியால் தூண்டியது. இப்போது எலிகளை எழுப்பும் பலன் குறைந்துவிட்டது.

அந்த நியூரான்கள் ஒளிக்குச் சரியாகவே இயங்கின. ஆனால் அவற்றிடமிருந்து தகவல் வாங்க வேண்டிய, லோகஸ் செருலியஸ் உள்ளிட்ட அடுத்தகட்ட மையங்கள் வழக்கம்போல் பதில் தரவில்லை. கூப்பிடுகிறவர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், எதிர்முனையில் போனை எடுக்க ஆள் இல்லை.

எலிக்கு மன உறுதி இருக்கிறதா என்று நமக்குத் தெரியாது. ஆனால் விழிப்பு நியூரானை வெளியிலிருந்து நேரடியாக அழுத்தியும் எழுப்புவது கடினமாகிறது என்றால், தூக்கக் கடன் எவ்வளவு வலிமையானது என்று புரிகிறது. தொடர்ந்து சில இரவுகள் தூங்காமல் படகில் உட்கார்ந்திருப்பவருக்குக் கண் சொருகினால் அதை அலட்சியம் என்று சொல்வது எளிது. மூளையின் கணக்கு வேறு.

2011-ல் டி லெசியா குழு இன்னொரு கேள்வியைக் கேட்டது. மொத்தத் தூக்க நேரம் குறையாமல், அதைத் துண்டு துண்டாக மட்டும் வெட்டினால் என்ன ஆகும்? ஒளியை இடைவெளி விட்டுக் கொடுத்து எலிகளின் தூக்கத்தின் தொடர்ச்சியை மட்டும் கலைத்தார்கள். மறுநாள், முன்பே பார்த்த பொருளையும் புதுப் பொருளையும் அந்த எலிகளால் சரியாகப் பிரித்தறிய முடியவில்லை. தொடர்ச்சி குறிப்பிட்ட அளவுக்கு மேல் உடையும்போது நினைவு பதிவது கெடுகிறது. 'காலைல ரெண்டு மணி நேரம், மத்தியானம் ரெண்டு மணி நேரம்னு மொத்தமா தூங்கிட்டேனே' என்ற கணக்கில் என்ன ஓட்டை இருக்கலாம் என்பதை இந்த எலிகள் காட்டுகின்றன.

ஈக்களும் தூங்கும்

பழ ஈக்களுக்கும் தூக்கம் உண்டு. தூங்கவிடாவிட்டால் மறுநாள் சேர்த்துத் தூங்கும். இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் கெரோ மீசன்பாக் குழு, ஈயின் மூளையில் தூக்கக் கடன் ஏறும்போது சுறுசுறுப்பாகி, ஓய்வெடுத்த பிறகு அமைதியாகும் நியூரான்களைக் கண்டது. ஒளியால் டோபமைன் நியூரான்களைத் தூண்டியபோது இந்தத் தூக்க நியூரான்கள் அமைதியாகி, ஈ விழித்தது. 2016-ல் இது வெளியானது.

பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்திலும் ஈக்களின் கடிகாரமும் தூக்கமும் ஆராயப்படுகின்றன. மதுரைக்குப் பிறகு சந்திரசேகரன் பணியாற்றியது இங்கேதான். இங்கு ஆய்வகம் நடத்தும் ஷீபா வாசு, அதற்கு முன் அமெரிக்காவில் சக ஆய்வாளர்களுடன் செய்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், ஈயின் கடிகார நியூரான்களில் பெரிய வகையின் மின் இயக்கத்தைக் கூட்டியபோது இரவுத் தூக்கம் கலைந்தது. கடிகாரமும் விழிப்பும் ஒரே செல்லில் கைகோக்கும் இடம் அது.

மொபைலின் நீல ஒளியும் இதுதானா?

நீங்கள் இதை இரவில் படுத்துக்கொண்டு மொபைலில் படித்துக்கொண்டிருக்கலாம். 'நீல ஒளி நியூரானை ஆன் செய்யும்னா, போன் லைட்டும் அதைத்தான் செய்யுதா?' என்ற சந்தேகம் வரும். இல்லை. உங்கள் மூளை நியூரான்களில் பாசியின் கதவு கிடையாது. மண்டையோட்டைத் தாண்டி போன் வெளிச்சம் உள்ளே போய் எதையும் தூண்டாது.

ஆனால் கண்ணின் விழித்திரையில் சில செல்களில் மெலனாப்சின் என்ற ஒளிப் புரதம் இயற்கையாகவே இருக்கிறது. நீல ஒளிக்கு அதிகம் பதில் தரும் இந்தச் செல்கள், 'இன்னும் பகல்தான்' என்ற செய்தியை எஸ்.சி.என். கடிகாரத்துக்கு அனுப்புகின்றன. இரவில் வரும் வெளிச்சம் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது இந்த வழியில்தான். விடியற்காலையில் கரை திரும்பும் மீனவரின் முகத்தில் அடிக்கும் சூரியன் போனைவிடப் பல மடங்கு பிரகாசமானது. படுக்கப் போகும் நேரத்தில் அது கடிகாரத்திடம் 'எழுந்திரு' என்கிறது.

மனிதர்களுக்கு இது எப்போது வரும்?

தூக்கமின்மைக்காக யாருடைய மூளைக்குள்ளும் இப்போது லைட் பொருத்தப் போவதில்லை. மரபணுவைச் செலுத்த வேண்டும், மண்டையைத் துளைக்க வேண்டும். தூங்க முடியாதவருக்கு அவ்வளவு பெரிய ஆபத்தைக் கொடுப்பது நியாயமாகாது. மனிதர்களிடம் இது முதலில் எட்டியது கண்ணில். 2021-ல் வெளியான ஆய்வில், விழித்திரை நோயால் பார்வை இழந்த 58 வயதுக்காரர் ஒருவர், ஒளிமரபியல் சிகிச்சைக்குப் பிறகு சிறப்புக் கண்ணாடியின் உதவியோடு மேஜை மேல் இருந்த பொருள்களை அடையாளம் கண்டார்.

தூக்கத்தைப் பொறுத்தவரை இது ஒரு வரைபடம் போடும் கருவி. எந்த நியூரான், எந்த நேரத்தில், எதை மாற்றுகிறது என்று தெரிந்தால் மருந்தை அங்கே குறிவைக்கலாம். ஒரெக்சின் செய்தியைத் தடுத்துத் தூங்க வைக்கும் சுவோரெக்சன்ட் என்ற மாத்திரைக்கு 2014-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஒரெக்சின் 1998-ல் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு வந்த பாதை அது. எலியில் கண்டது எல்லாம் மனிதருக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் மறக்கக் கூடாது. எலி இரவில் இயங்கும், பகலில் தூங்கும் பிராணி.

பகலில் சாத்தியிருக்கும் கதவு

பழவேற்காட்டில் பாடு முறை தூக்கத்துக்காக மாறாது, கடலும் மாறாது. மாற்றக்கூடியது வீட்டுக்குள் இருக்கிறது. இரவு முழுக்க ஏரியில் இருந்தவருக்குத் துண்டு துண்டான தூக்கத்தைவிட, இடையில் எழுப்பாத ஒரே நீண்ட தூக்கம் நல்லது. ஜன்னலுக்கு ஒரு தடித்த துணி, அணைத்து வைத்த போன். படகில் இரண்டு பேர் இருந்தால், வலை காத்திருக்கும் நேரத்தில் மாறி மாறிக் கண்ணயரலாம். நைட் ஷிஃப்ட் முடித்து ரூமுக்குத் திரும்பும் ஐ.டி. ஊழியர், நர்ஸ், டெலிவரி பார்ட்னர் எல்லோருக்கும் இதே கணக்குதான்.

பகல் 11 மணிக்கு ஒரு வீட்டுக் கதவு சாத்தியிருந்தால், உள்ளே ஒருவர் நேற்று இரவின் கடனை அடைத்துக்கொண்டிருக்கலாம். அவசரம் இல்லையென்றால் சாயங்காலம் போய்த் தட்டலாம்.